கடுவன் பூனை மணல் தட்டில் அமர்ந்து முக்குகிறது: மலச்சிக்கலா, வேறு நோயா?

கேள்வி: காவிரிக்கரை (சனிக்கிழமை, இரவு 8.10)

வணக்கம். எங்கள் வீட்டில் முத்து என்ற நான்கு வயதுக் கடுவன் பூனை இருக்கிறது. ஒரு வயதிலேயே கருத்தடை அறுவை செய்துவிட்டோம். வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. எடை ஆறரைக் கிலோ. ஓராண்டாக உலர் தீவனம் மட்டுமே தின்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம் அது போவதை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. பத்து நாள்களுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அதை இரண்டு நாள் மாடி அறையில் அடைத்து வைத்திருந்தோம். அன்று முதலே முகம் கொடுக்காமல்தான் இருந்தது.

நேற்று இரவு முதல் மணல் தட்டுக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. உள்ளே போய்க் குந்தி அமர்ந்து, வயிற்றை இறுக்கி முக்குகிறது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து எழுந்து வந்து பின்பக்கத்தை நக்குகிறது. பிறகு மறுபடியும் தட்டுக்கே போகிறது. இன்று காலை முதல் ஒருவித அடிக்குரலில் கத்தவும் தொடங்கியது. உடல் சூட்டினால் வந்த மலச்சிக்கல் என்று மாமனார் சொன்னதால், காலையில் அரைத் தேக்கரண்டி விளக்கெண்ணெயை வாயில் ஊற்றினோம். மதியம் இரண்டு முறை வாந்தி எடுத்தது. இப்போது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு கூப்பிட்டாலும் வருவதில்லை. ஆனால் தொட்டால் குர்குர் என்று ஒலி எழுப்புகிறது. அதனால் பெரிய வலி ஏதும் இருக்காது என்று கணவர் நினைக்கிறார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாகப் போகும் மருத்துவர் திங்கள்கிழமைதான் வருவார். அதுவரை காத்திருக்கலாமா? வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: மூன்று பூனை வீடு (இரவு 8.25)

சகோதரி, திங்கள்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை வரைக்கும்கூட வேண்டாம். இதைப் படித்தவுடன் தட்டில் உள்ள மணலைக் கிளறிப் பாருங்கள். நேற்று இரவுக்குப் பிறகு ஈரமான கட்டி எதுவும் இல்லை என்றால், முத்துவுக்கு அடைபட்டிருப்பது மலம் அன்று, சிறுநீர். விளக்கெண்ணெயோ வேறு எதுவோ இனி வாயில் ஊற்ற வேண்டாம். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று தெரிந்தவர்களிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வார்த்தையாக, "கடுவன் பூனை, ஒரு நாளாகச் சிறுநீர் போகவில்லை" என்று சொல்லுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் செம்பட்டைப் பூனை இதே போல் ஒரு வெள்ளிக்கிழமை முக்கத் தொடங்கியது. நாங்களும் மலச்சிக்கல் என்று நினைத்துப் பூசணிக்காயை வேகவைத்து ஊட்டிக்கொண்டிருந்தோம். ஞாயிறு மாலை உடல் சில்லிட்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேசைமேல் வைத்த சில நிமிடங்களில் அதன் இதயம் நின்றுவிட்டது. அந்த இரண்டு நாள்களில் எந்த மணி நேரத்தில் கிளம்பியிருந்தாலும் அது பிழைத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (இரவு 8.50)

மேலே உள்ளவர் சொன்னது முற்றிலும் சரி. அம்மா, நீங்கள் கிளம்பிவிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதிலேயே என் பதில் முடிந்துவிடுகிறது. கீழே எழுதுவது போகும் வழியில் உங்களுக்கும், பின்னால் இதே ஐயத்தோடு வந்து படிப்பவர்களுக்கும்.

கடுவன் பூனையின் சிறுநீர்த்தாரை நீளமானது. ஆணுறுப்பின் நுனியை நெருங்கும்போது மிகவும் குறுகிவிடும். சிறுநீர்ப்பை அழற்சியால் கசியும் சளியும், சிறுநீரில் படியும் நுண்ணிய உப்புப் படிகங்களும் சேர்ந்து அந்தக் குறுகிய இடத்தில் தக்கைபோல் அடைத்துக்கொள்கின்றன. சில பூனைகளில் சிறு கல்லே வந்து அடைப்பதுண்டு; சிலவற்றில் அடைப்பே இல்லாமல் தசை இறுகிச் சிறுநீர் நின்றுபோவதும் உண்டு. பெட்டைப் பூனைக்குத் தாரை குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அதற்கு அழற்சி வந்தாலும் முழு அடைப்பு அரிது. நீங்கள் எழுதியிருப்பவற்றில் கருத்தடை, கூடுதல் எடை, வீட்டுக்குள்ளேயே இருப்பது, உலர் தீவனம், குறைவாக நீர் அருந்துவது, வீட்டில் ஏற்பட்ட திடீர் மாற்றம் ஆகிய அத்தனையும் இந்த நோய்க்கு இடம்கொடுப்பவை. வெள்ளையடித்ததற்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பூனைக்கு இடமும் வாசனையும் மாறுவது பெரிய அதிர்ச்சி. அந்த அழுத்தம் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பாதிக்கிறது என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

சிறுநீர் வெளியேறாதபோது கழிவுகள் இரத்தத்திலேயே தங்குகின்றன. அவற்றுள் உயிரை எடுப்பது பொட்டாசியம். அது கூடக்கூட இதயத் துடிப்பு மந்தமாகி, தாளம் தவறி, ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. முழு அடைப்பு ஏற்பட்ட 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் நிலைமை உயிருக்கு ஆபத்தானதாகிவிடும். முத்து வாந்தி எடுத்ததும் ஒதுங்கிப் படுத்ததும் விளக்கெண்ணெயால் மட்டும் வந்தவை என்று நான் நினைக்கவில்லை. உடலில் நஞ்சு ஏறத் தொடங்கியதன் அடையாளமாக அவை இருக்கலாம். கத்திக்கொண்டிருந்த பூனை அமைதியாகிவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அடைப்புள்ள பூனையின் அமைதி, கத்தலைவிடக் கெட்ட அறிகுறி.

வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற முயலக் கூடாது. புடைத்த சிறுநீர்ப்பை வெடித்துவிடும். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. குறிப்பாகப் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. நம் கல்லீரல் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் முறை பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. ஆகவே அது இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கி, உயிர்வளியைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. ஈறு பழுப்பு நிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

குர்குர் ஒலியைப் பற்றி உங்கள் கணவர் நினைத்ததைப் பலரும் நினைக்கிறார்கள். பூனை சுகத்திலும் அந்த ஒலியை எழுப்பும். வலியிலும், அச்சத்திலும், இறக்கும் தறுவாயிலும் எழுப்பும். வலியை அறிய முகத்தைப் பார்ப்பதே நல்லது. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் இதற்கென ஓர் அளவுமுறையை வெளியிட்டார்கள். காதுகள் பக்கவாட்டில் திரும்பி விரிந்திருத்தல், கண்கள் இடுங்கியிருத்தல், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகி நீள்வட்டமாகத் தோன்றுதல், மீசை மயிர்கள் விறைத்து முன்னோக்கி நிற்றல், தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருத்தல் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை நான்கை எட்டினால் வலிநீக்க மருந்து தேவை என்று கொள்ளலாம். இரண்டு மூன்று முறை பார்த்துப் பழகினால் யாருக்கும் இது கைவரும்.

மருத்துவமனையில் மயக்கமருந்து கொடுத்துத் தாரைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள். குழாயை ஓரிரு நாள்கள் அப்படியே விட்டு வைப்பது வழக்கம். அடைப்பு நீங்கிய பிறகு சிறுநீர் மடைதிறந்தாற்போல் மிகுதியாகப் போகும். அந்த அளவுக்கு ஈடாக நீர் ஏற்றாவிட்டால் பூனை மறுபடியும் தளர்ந்துவிடும். ஆகவே "குழாய் போட்டாயிற்றே, வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்" என்று அன்றிரவே அவசரப்படாதீர்கள்.

மறுமொழி: காவிரிக்கரை (வியாழக்கிழமை, காலை 11.00)

ஐயாவுக்கும் சகோதரருக்கும் நன்றி என்ற சொல் போதாது. அன்றிரவு பத்து மணிக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். மருத்துவர் வயிற்றில் கை வைத்தவுடனேயே, சிறுநீர்ப்பை சாத்துக்குடி அளவுக்குக் கல்போல் இறுகியிருப்பதாகச் சொன்னார். இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தது. இன்னும் ஓர் இரவு தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார். குழாய் வழியே முதலில் வந்தது காப்பி டிகாக்‌ஷன் போன்ற கருஞ்சிவப்பு நீர். நான்கு நாள் அங்கேயே இருந்து, நேற்று மாலை முத்து வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று காலை மணலில் எலுமிச்சை அளவு ஈரக் கட்டியைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். மாமனார் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகங்கள் இருந்ததாம். படிகங்களைக் கரைக்கும் சிறப்பு உணவையும் ஈர உணவையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மறுபடியும் அடைக்குமோ என்ற அச்சத்தில் தூக்கமே வரவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா வீட்டில் பதினொரு வயதுப் பெட்டைப் பூனை இருக்கிறது. அது நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது. ஆனால் இளைத்துக்கொண்டே வருவதுபோல் இருக்கிறது. வயதானதால் அப்படித்தான் என்று அம்மா சொல்கிறார். முத்துவைப் பார்த்த பிறகு எதையும் "அப்படித்தான்" என்று விட மனம் வரவில்லை.

பதில்: மதுரை ஆசிரியை (பகல் 12.40)

அன்புத் தங்கைக்கு, முத்து பிழைத்தது பெரும் ஆறுதல். உன் அம்மாவின் பூனையைப் பற்றிப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் செய்த அதே பிழையை அவரும் செய்கிறார்.

எங்கள் பூனை பதின்மூன்று வயதில், குளியலறை வாளியில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு நீர் அருந்தத் தொடங்கியது. வெயில் காலம், நிறைய நீர் குடிப்பது நல்லதுதானே என்று மகிழ்ந்தேன். மணல் கட்டிகள் பெரிதானபோதும் அதையேதான் நினைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை அது சுவரில் முட்டிக்கொண்டது. இரவோடு இரவாகப் பார்வை போயிருந்தது. சிறுநீரகம் பழுதடைந்து, இரத்த அழுத்தம் ஏறி, விழித்திரை கழன்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார். அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாலும் உணவு மாற்றத்தாலும் மேலும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது. பார்வை மட்டும் திரும்பவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறி, வேறுபாட்டை நாட்காட்டியில் குறித்து வைப்பேன். நான்கு கிலோப் பூனை 400 கிராம் குறைந்தால், மயிர் மறைத்துவிடுவதால் நம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைப்பதற்குச் சமம்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (மாலை 6.15)

ஆசிரியையின் நாட்காட்டியை நான் ஒவ்வொரு வீட்டிலும் பார்க்க விரும்புகிறேன். பூனை தனித்து வேட்டையாடும் விலங்கு. தளர்ந்திருப்பது வெளியே தெரிந்தால் அதுவே பிறவற்றுக்கு இரையாகிவிடும். அதனால் நோயை மறைப்பது அதன் இயல்பிலேயே ஊறியிருக்கிறது. நாய் நொண்டிக்கொண்டு வந்து நம்மிடம் காலை நீட்டும். பூனை அலமாரியில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிடும். நேற்றுவரை செய்ததை இன்று ஏன் செய்யவில்லை, இதுவரை செய்யாததை ஏன் தொடங்கியது என்று கேட்பதிலிருந்துதான் பூனை மருத்துவம் தொடங்குகிறது.

அம்மா, உங்கள் தாயார் வீட்டுப் பூனைக்கு இருப்பவை தாகமும் இளைப்பும். இந்த வயதில் அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மூன்று நோய்களை முதலில் நினைக்க வேண்டும். நாட்பட்ட சிறுநீரக நோயில் பசி குறையும்; மயிர் பொலிவிழக்கும்; வாயில் நாற்றம் வரும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு உயர்ந்து காட்டும்போது சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலைத்திறன் ஏற்கனவே போயிருக்கும், ஆகவே எஸ்.டி.எம்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையும் சிறுநீரின் அடர்த்தியும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தைராய்டு மிகைச் சுரப்பில் இதற்கு மாறாகப் பசி கூடும். எவ்வளவு தின்றாலும் உடல் கரையும். கிழப்பூனை குட்டியைப் போல் ஓடியாடுவதைக் கண்டு வீட்டார் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். நீரிழிவில் சில பூனைகள் பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும். மூன்றையும் ஒரு முறை எடுக்கும் இரத்தத்திலும் சிறுநீரிலும் பிரித்தறியலாம்; மூன்றுக்கும் மருத்துவம் உண்டு. அருந்தும் நீரை அளந்து பாருங்கள். உலர் தீவனம் தின்னும் பூனை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால் ஐயப்பட வேண்டும். 100 மில்லியைத் தாண்டினால் ஐயமே இல்லை, நோய்தான்.

முத்துவுக்கு மறுபடியும் அடைக்கக்கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் சில வாரங்களில் அந்த வாய்ப்பு அதிகம். ஸ்ட்ரூவைட் படிகம் உணவால் கரையக்கூடியது என்பது நல்ல செய்தி. ஆக்சலேட் என்ற வேறு வகைக் கல்லாக இருந்தால் கரையாது. ஈர உணவுக்கு மாற்றுங்கள். நீர்க் கிண்ணங்களைத் தீவனத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டின் மூன்று நான்கு இடங்களில் வையுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு மணல் தட்டு என்பது ஆடம்பரம் அன்று. எடையை மெல்லக் குறைக்க வேண்டும். பட்டினி போட்டுக் குறைக்கக் கூடாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தாலே உடற்கொழுப்பு கல்லீரலில் சென்று படிந்து, ஈறும் கண்ணும் மஞ்சளாகி, உயிருக்கே ஆபத்தாகும். "பசித்தால் தானே தின்னும்" என்ற நம் வீட்டுப் பேச்சு பூனைக்குப் பொருந்தாது.

உணவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தயிர்ச்சோறும் பாலும் மட்டுமே கொடுத்து வளர்க்கும் பூனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்பில் குறைவில்லை, ஆனால் பூனை இறைச்சி உண்டே வாழ வேண்டிய உயிர். டாரின் என்ற பொருளைத் தன் தேவைக்கேற்ப அதன் உடலால் தயாரிக்க முடியாது. அது மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் விழித்திரை நலியும். இதயத் தசை தளர்ந்து விரியும். அமெரிக்காவில் இதய நோய் கண்ட பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதை 1987-ல் கண்டறிந்த பிறகுதான் தீவன நிறுவனங்கள் அதைக் கூட்டிச் சேர்த்தன. மீன் கொடுப்பதானால் வேகவைத்துக் கொடுங்கள்; குழம்பில் இருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். தரை துடைக்கும் பினாயிலும் பூனைக்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே வாய் புண்ணாகி எச்சில் ஒழுகும்.

இரவென்றும் ஞாயிறென்றும் பாராமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை, அடைப்பைத் தவிர, இன்னும் சில உண்டு. ஓய்வாக இருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் நெஞ்சில் நீரோ இதய நோயோ இருக்கலாம். திடீரென்று அலறி, பின்னங்கால்கள் செயலிழந்து சில்லிட்டால், அது பெரும்பாலும் அடிபட்டது அன்று. இதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி இடுப்புக்குக் கீழே போகும் குழாயை அடைத்துவிட்டது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். பூத்தொடுத்த நூலை விழுங்கிய பூனையை நான் அறுவை செய்திருக்கிறேன்; நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கியிருக்க, மறுமுனை குடலைச் சுருக்குப்பைபோல் சுருக்கி, வெட்டிக்கொண்டு நின்றது. குட்டி வாந்தியும் கழிச்சலுமாகச் சோர்ந்து, நீர்க் கிண்ணத்தின் முன் குனிந்தபடி குடிக்காமல் இருந்தால், அது பன்லுகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். சில நாள்களிலேயே கொல்லும் அந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போட வேண்டும். வீட்டைவிட்டுப் போகாத பூனைக்கு எதற்கு என்று கேட்பார்கள். அந்த வைரஸ் ஓராண்டுவரை வீட்டில் உயிர்ப்போடு கிடக்கும். நம் செருப்போடு உள்ளே வரும்.

மறுமொழி: காவிரிக்கரை (சனிக்கிழமை, மாலை 5.30)

ஐயா, நேற்று முழுவதும் அம்மா வீட்டில் இருந்தேன். அரை லிட்டர் நீரை அளந்து வைத்ததில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 320 மில்லி குறைந்திருந்தது. ஆசிரியை அம்மா சொன்னபடி எடை பார்த்தேன். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தடுப்பூசி அட்டையில் மூன்று கிலோ எழுநூறு என்று எழுதியிருக்கிறது. திங்கள் காலை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். சிறுநீரும் கொண்டுவரச் சொன்னார்கள். பூனையிடம் அதை எப்படி எடுப்பது?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (மாலை 6.00)

தட்டில் உள்ள மணலைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்து, மீன்தொட்டிக்குப் போடும் கூழாங்கற்களைக் கழுவி ஒரு கைப்பிடி பரப்பிவிடுங்கள். அவை நீரை உறிஞ்சா. பூனை சிறுநீர் கழித்ததும் புதிய ஊசிக்குழலில் உறிஞ்சி எடுத்து மூடிவைத்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். அதுவரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அப்படிக் கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், மருத்துவரே மெல்லிய ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்துக்கொள்வார். உணவை நிறுத்த வேண்டியதில்லை. தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் குறைத்துவிடாதீர்கள். இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள்.